உழைச்செல்வான்

உழை + செல்வான். 'உழை' என்றால் பக்கம், இடம். அரசனின் அருகிருந்து ஏவல் கேட்போரை 'உழையர்' என்றதும் இப்பொருளில்தான். 'செல்வான்' இங்கே செல்பவன், ஒழுகுபவன். ஆக, நோயாளியின் பக்கத்திலிருந்து பார்ப்பவன் என்பது நேர்ப்பொருள்.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தில், 950ஆம் குறளில் இச்சொல் வருகிறது. நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு நான்காவதாக உழைச்செல்வானையும் வள்ளுவர் வைக்கிறார். நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்கிறார். உரையாசிரியர் பரிமேலழகர் இச்சொல்லுக்கு, மருந்தைப் பிழையின்றிச் செய்து தருபவன் என்று பொருள் கொண்டார். இன்றைய உரைகள் பலவும் நோயாளியின் அருகிருந்து கவனிப்பவர் என்கின்றன. இன்றைய மருந்தாளுநர், செவிலியர் இருவரும் இந்த ஒரே சொல்லுக்குள் அடங்குகிறார்கள்.

இவர்களையும் மருத்துவர்களையும் தனித்தனிக் கல்லூரிகளில் படிக்கவைத்துவிட்டு, வேலையில் சேர்ந்ததும் ஒன்றுபட்டு இயங்கச் சொல்கிறோம். மாணவப் பருவத்திலேயே இவர்கள் கூடிப் பயில வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1988இலும் 2010இலும் வெளியிட்ட அறிக்கைகள் வலியுறுத்தின. ஒருவரைப் பற்றி, ஒருவரிடமிருந்து, ஒருவரோடு ஒருவர் கற்பதே துறையிடைக் கல்வி. மருந்தின் அளவில் பிழை கண்ட மருந்தாளுநர் அதை மருத்துவரிடம் தயங்காமல் சொல்லவும், மருத்துவர் காதுகொடுத்துக் கேட்கவும் இந்தப் பயிற்சி வேண்டும். உழைச்செல்வானை மருத்துவரின் கீழ் அல்ல, மருத்துவத்தின் நாலில் ஒரு கூறாகவே குறள் எண்ணுகிறது. நம் பாடத்திட்டமும் அப்படியே எண்ண வேண்டும்.