சுவரேறும் ஓதமும் வீட்டுக்காரர் கடமையும்: அரக்கோணத்து வாடகை வீடுகளை முன்வைத்து

வாடகை வீட்டில் ஓதம் அடிப்பது தமிழ்நாட்டில் வழக்காவது அரிது. பெரும்பாலும் மனத்தாங்கலாகவே நின்றுவிடுகிறது. குடியிருப்பவர் வாய்வார்த்தையாகச் சொல்கிறார். வீட்டுக்காரர் மழை நிற்கட்டும் என்கிறார். தை பிறந்ததும் சுவர் காய்கிறது, பேச்சும் அடங்குகிறது. அடுத்த ஐப்பசியில் அதே இடத்தில் காரை உப்பிக்கொண்டு வருகிறது. இதற்கு வீட்டுக்காரரின் கஞ்சத்தனத்தை மட்டும் காரணம் காட்டுவது பாதி உண்மை. வாடகைச் சட்டம் பழுதுவேலைகளை இரு தரப்புக்கும் பங்கிட்டிருக்கிறதே ஒழிய, ஓதத்தையோ பூஞ்சணத்தையோ அந்தப் பங்கீட்டில் எங்கும் குறிப்பிடவில்லை. ஆகவே நீர் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் நிறுவி, அதைச் சட்டம் அறிந்த ஒரு வேலையாக மாற்றிக் கேட்கும்போதுதான் குடியிருப்பவரின் உரிமை நடைமுறைக்கு வருகிறது.

இராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்த அரக்கோணம் இரயிலால் வளர்ந்த ஊர். தென்னிந்தியாவின் முதல் இரயில் பாதை 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டபோது அது இவ்வூர் வழியாகவே சென்றது. 1992இல் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி விமானதளம் வந்தது. இரயில்வே ஊழியர்கள், மின்சார இரயிலில் நாள்தோறும் சென்னைக்குப் போய்வருபவர்கள், தொழிற்சாலைப் பணியாளர்கள் என வாடகைக்குக் குடியிருப்போர் இங்கு எப்போதும் உண்டு. தென்மேற்குப் பருவத்திலும் ஓரளவு மழை பெய்து, வடகிழக்குப் பருவத்தில் அடித்துப் பெய்யும் பகுதி இது. மெட்ராஸ் தளம் போட்ட பழைய வீடு, கான்கிரீட் மாடிவீடு, ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஆகிய மூன்றும் மழையைத் தாங்கும் விதம் வேறு வேறு.

மெட்ராஸ் தளத்தில் மர உத்தரங்களின்மீது செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவையை இடித்துக் கெட்டித்து, தட்டோடு பதிப்பார்கள். தட்டோடுகளின் இடைச்சந்து திறந்துகொண்டால் நீர் உடனே ஒழுகாது. சுண்ணாம்புக் கலவை அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை விட்ட பிறகும் பல நாள் கீழே கசியவிடும். கான்கிரீட் கூரையில் பலவீனமான இடங்கள் இரண்டு. மொட்டைமாடித் தளமும் கைப்பிடிச் சுவரும் சந்திக்கும் மூலை ஒன்று, மழைநீர்க் குழாயின் வாய் மற்றொன்று. தளத்தின் வாட்டம் சரியில்லாமல் நீர் தேங்கினால் உள்ளே கம்பி துருப்பிடித்து, கூரையின் அடிப்பூச்சு பாளம்பாளமாக விழும். லைன் வீட்டில் பெரும் தொல்லை பக்கத்து வீட்டுக் குளியலறைதான். ஒரு குடியின் குழாய்க்கசிவு மறுகுடியின் படுக்கையறைச் சுவரில் தெரியும்.

இவற்றைத் தவிர, அடித்தளத்தில் ஈரத்தடுப்புப் பூச்சு இல்லாத சுவர்களில் மண்ணின் ஈரம் நுண்துளைகள் வழியே மேலேறுகிறது. இது பெரும்பாலும் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்று, கிடைக்கோடாகக் கறை விட்டு, வெண்மையாக உப்புப் பூக்கும். கூரைக்கசிவு மேலிருந்து தொடங்கி, மழையோடு விரிந்து, வெயிலில் சுருங்கும். சித்திரை வெயிலிலும் ஈரமாக இருக்கும் சுவருக்கு மழையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அதற்குள் குழாய் ஓடுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். சமையலாவியும் மூச்சுக்காற்றும் குளிர்ந்த சுவரில் படிந்து நீராவதும் உண்டு. அதைப் பிரித்தறியக் கொத்தனார்கூடத் தேவையில்லை. சுவரைத் துடைத்து உலர்த்தி, அலுமினியத் தாளை நான்கு ஓரமும் ஒட்டி ஓரிரு நாள் விட்டுப் பிரித்தால், தாளின் பின்புறம் நனைந்திருந்தால் நீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த புறம் நனைந்திருந்தால் அறைக்காற்றிலிருந்து வருகிறது. அரக்கோணத்து வெப்பத்தில் இந்தக் கடைசி வகை சிறுபான்மை. ஆயினும் ஜன்னலைத் திறப்பதில்லை, வீட்டுக்குள் துணி காயப்போடுகிறீர்கள் என்று குடியிருப்பவர்மேல் பழி போட அதுவே வாகாக அமைகிறது. பூஞ்சணத்தைப் பொறுத்தவரை, அது தனி நோயன்று, ஈரத்தின் அடையாளம். கட்டட ஈரமும் பூஞ்சணமும் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இந்த அளவு வரை தீங்கில்லை என்று எந்த எல்லையையும் வகுக்கவில்லை. நுரையீரல் தொல்லைகளையும் ஆஸ்துமாவையும் சுட்டிக்காட்டி, ஈரத்தையே தடுக்கச் சொல்கிறது.

சட்டத்துக்கு வந்தால், 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு வந்த 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு சொத்து உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 15ஆம் பிரிவு, குடிவந்தபோது இருந்த நிலையில் வீட்டைப் பேணும் கடமையை இரு தரப்புக்கும் விதித்து, இரண்டாம் அட்டவணையில் வேலைகளைப் பிரிக்கிறது. கட்டுமானப் பழுது, சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுதல், குழாய் மாற்றுதல், மின்கம்பி இழுத்தல் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய்த் திருகு, வாஷர், பூட்டு, சுவிட்சு, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு. உரிமையாளர் தன் பங்கைச் செய்ய மறுத்தால் குடியிருப்பவர் செய்துகொண்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டம் இந்தக் கழிவுக்கு மாத வாடகையில் 50 விழுக்காடு என்று உச்சவரம்பு வைத்து, குடியிருக்கவே தகாத வீட்டை 15 நாள் எழுத்து அறிவிப்புடன் விட்டு வெளியேறும் உரிமையையும் தருகிறது.

இந்தப் பட்டியலில் ஓதம் எங்கே பொருந்தும் என்பதுதான் சிக்கல். வெள்ளையடிப்பது உரிமையாளர் கடமை என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நீரின் வழியை அடைக்காமல் பட்டி தேய்த்து பெயிண்ட் அடித்தாலே கடமை முடிந்தது என்று சொல்லவும் அதே வரி இடம் தருகிறது. அந்த பெயிண்ட் ஒரு மழைக்குள் கொப்புளம் விடும். எனவே கூரைத்தளமும் கைப்பிடிச் சுவர் மூலையும் ஈரத்தடுப்புப் பூச்சும் கட்டுமானப் பழுது, சுவருக்குள் ஓடும் குழாய் குழாய்ப் பழுது, இவை நீங்கிய பிறகே வெள்ளையடிப்பு என்று வரிசைப்படுத்திப் படிப்பதே அட்டவணையின் நோக்கத்துக்கு இசைவானது. வீட்டைக் காலி செய்யும்போது பெயிண்டுக்கென்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸிலிருந்து பிடித்துக்கொள்ளும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஓதத்தால் கறைபட்ட சுவருக்கும் அந்தப் பிடித்தம் நடக்கிறது. தன் பங்கு வேலையை உரிமையாளர் குடியிருப்பவரின் காசில் முடித்துக்கொள்வது என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் காண முடியவில்லை.

இன்னொரு ஓட்டையும் உண்டு. குடிவந்தபோதைய நிலைதான் அளவுகோல் என்றால், அப்போதே ஓதம் இருந்தது என்று உரிமையாளர் வாதிடலாம். இதற்கு விடை 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் இருக்கிறது. உரிமையாளருக்குத் தெரிந்து, குடிவருபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுகொள்ள முடியாத முக்கியக் குறையை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்கிறது அதன் 108ஆம் பிரிவு. பங்குனியில் புதிதாக வெள்ளையடித்துக் காட்டிய வீட்டின் மழைக்கால ஓதம் அந்த வரையறைக்கு அப்படியே பொருந்தும்.

இங்கிலாந்துச் சட்டமும் இதே இடத்தில் இடறி விழுந்திருக்கிறது. 1985இல் குவிக் எதிர் டாஃப் ஈலி வழக்கில், உலோக ஜன்னல் சட்டங்களில் நீர் படிந்து வீடு முழுதும் பூஞ்சணம் பிடித்திருந்தும், கட்டுமானம் எதுவும் பழுதுபடாததால் உரிமையாளருக்குப் பழுதுபார்க்கும் கடமை இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனிதர் குடியிருக்கத் தகுந்த நிலையே அளவுகோல் என்று ஆக்கிய சட்டம் 2018இல்தான் வந்தது. 2020இல் ராச்டேல் நகரில் இரண்டு வயது ஆவாப் இஷாக் இறந்ததற்கு வீட்டுப் பூஞ்சணமே காரணம் என்று மரண விசாரணை 2022இல் முடிவு கூறியது. அக்குழந்தையின் பெயரால் அழைக்கப்படும் விதிகள் 2025 அக்டோபரில் சமூகக் குடியிருப்புகளுக்கு நடைமுறைக்கு வந்தன. கடுமையான ஓதப் புகாரை 10 வேலைநாளுக்குள் ஆராய வேண்டும், அவசர ஆபத்தை 24 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்பவை அவற்றுள் அடங்கும். தமிழ்நாட்டு அட்டவணையில் இப்படிக் கெடு எதுவும் இல்லை.

நடைமுறையில் முதல் தடை எழுத்து ஒப்பந்தம். 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் அப்பொறுப்பை வகிக்கிறார். ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே வீட்டைத் திரும்பப் பெறும் காரணமாக 21ஆம் பிரிவு ஏற்கிறது. வாய்மொழிக் குடித்தனத்தில் இருப்பவர் ஓதத்தைப் பற்றிப் புகார் செய்தால் சுவர் சரியாவதற்குமுன் வீடு கைவிட்டுப் போகக்கூடும். வீட்டைக் காலி செய்யாமல் செய்ய முடியாத பெரிய வேலையும் அதே பிரிவில் ஒரு காரணம். ஆகவே கூரையைப் பிரித்து மராமத்து செய்ய வேண்டிய நிலை வந்தால், வேலை முடிந்ததும் திரும்பக் குடியேறுவதை எழுத்தில் வாங்கிக்கொள்வது அவசியம். ஒப்பந்தம் கையில் உள்ளவருக்கு வழி நேரானது. நாளிட்ட படங்கள், மழைக்கு முன்னும் பின்னுமான கறையின் அளவு, கொத்தனார் எழுதிக்கொடுத்த மதிப்பீடு ஆகியவற்றுடன் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பி, நியாயமான காலம் காத்திருந்து, பிறகு வேலையைச் செய்து வாடகையில் கழிக்கலாம் அல்லது வாடகை அதிகாரியை அணுகலாம். அறிவிப்பில் ‘ஓதம்’ என்று மட்டும் எழுதாமல் ‘மொட்டைமாடித் தளக்கசிவு’, ‘சுவருக்குள் குழாய்க்கசிவு’ என்று எழுதுவதே பலம். அறிவிப்பு அனுப்பாமல் வாடகையை நிறுத்துவது மட்டும் கூடாது. வாடகைப் பாக்கியும் வெளியேற்றத்துக்கு ஒரு காரணம்.

அரக்கோணத்தில் இந்த வழி எல்லோருக்கும் திறந்ததன்று. அரசுக்குச் சொந்தமான கட்டடங்கள் இச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே இருப்பதால், இரயில்வே குடியிருப்பில் ஒழுகும் கூரைக்கு வாடகை அதிகாரி பொறுப்பில்லை; துறையின் பொறியியல் பிரிவிடமே முறையிட வேண்டும். தனியார் வீடுகளுக்கு மட்டுமேனும், இரண்டாம் அட்டவணையின் உரிமையாளர் பகுதியில் கூரைக்கசிவையும் சுவர் ஓதத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்து, எழுத்து அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து ஒரு கெடுவையும் சட்டமன்றம் வகுக்க வேண்டும்.