சொட்டுநீர்ப் பாசனம்: தலைமடைக்கும் கடைமடைக்கும் ஒரே அளவு

பாசன முறை எதுவானாலும் அதற்கு உரைகல் கடைமடைதான். வாய்க்கால் பாசனத்தில் தலைமடை வயல் வேண்டிய மட்டும் குடித்து, வழியில் கசிந்ததும் ஆவியானதும் போக மிஞ்சியதே கடைசி வயலுக்குக் கிடைக்கும். சொட்டுநீர்ப் பாசனம் இந்த ஏற்றத்தாழ்வைக் குழாயாலும் அழுத்தத்தாலும் குறைக்கிறது. இஸ்ரேலியப் பொறியாளர் சிம்கா பிளாஸ் வடிவமைத்த, நீரைச் சொட்டுச்சொட்டாக விடும் பிளாஸ்டிக் டிரிப்பர், 1965இல் ஹட்செரிம் கூட்டுப்பண்ணையுடன் ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பின் தொழிலாக வளர்ந்தது.

கிணற்று நீர் வடிகட்டியைக் கடந்து முதன்மைக் குழாய், துணைக் குழாய் வழியாக 12 அல்லது 16 மி.மீ. லேட்டரல்கள் எனும் பக்கக் குழாய்களில் பிரிகிறது. டிரிப்பருக்குள் இருப்பது வளைந்து வளைந்து செல்லும் குறுகிய பாதை. அதன் சுவர்களில் மோதி அழுத்தம் இழக்கும் நீர் சொட்டாக வெளியேறுகிறது. சாதாரண டிரிப்பரில் அழுத்தம் 20 விழுக்காடு குறைந்தால் சொட்டும் அளவு ஏறக்குறைய 10 விழுக்காடு குறையும். குழாய் நீள நீள அழுத்தம் குறைவதால் லேட்டரலின் நீளத்துக்கு வரம்பு உண்டு. மேடுபள்ளமான நிலத்தில், அழுத்தம் மாறினாலும் அளவு மாறாதபடி உள்ளே சிலிக்கான் சவ்வு பொருத்திய டிரிப்பர்கள் பயன்படுகின்றன.

மண்ணில் விழுந்த நீர் மணற்பாங்கில் ஒடுங்கிக் கீழிறங்கும். களிமண்ணில் பக்கவாட்டில் பரவும். ஆகவே மணல் நிலத்தில் டிரிப்பர்களை நெருக்கமாகவும் களிநிலத்தில் சற்றுத் தள்ளியும் அமைப்பர்.

இம்முறையின் பெரும்பகை அடைப்பு. பாசி கலந்த குளத்து நீருக்கு மணல் வடிகட்டி தேவை. மணல் வரும் ஆழ்துளைக் கிணற்றுக்குச் சுழல் வடிகட்டி பொருந்தும். உப்புப் படிவை நீர்த்த அமிலமும், பாசியையும் நுண்ணுயிர்ப் படலத்தையும் குளோரினும் நீக்கும். லேட்டரலின் கடைமூடியைத் திறந்துவிட்டால் தேங்கிய வண்டல் வெளியேறும். கரையும் உரங்களை வெஞ்சுரி எனும் உறிஞ்சு கருவி வழியாக வேருக்கே செலுத்தலாம். ஆனால் கால்சியமும் பாஸ்பேட்டும் ஒன்றாகக் கலந்தால் படிந்து குழாயை அடைக்கும்.

வால்வை எவ்வளவு நேரம் திறப்பது என்பது கணக்கு. ஒரு தென்னைக்கு நாளொன்றுக்கு 80 லிட்டர் தேவையென்று கொண்டால், மணிக்கு 8 லிட்டர் விடும் 4 டிரிப்பர்கள் இரண்டரை மணி நேரம் ஓடினால் போதும். அதற்கு மேல் ஓடும் நீர் வேரைத் தாண்டி இறங்கி உரத்தையும் அடித்துச் செல்லும். லேட்டரலின் முதல் டிரிப்பருக்கும் கடைசி டிரிப்பருக்கும் அடியில் ஒரே அளவான பாத்திரங்களை ஒரே நேரம் வைத்து அளந்தால் பகிர்வு சீராக உள்ளதா என்பது தெரியும். கடைசிப் பாத்திரத்தில் நீர் மிகக் குறைந்தால் அடைப்பையோ அழுத்தக் குறைவையோ முதலில் சரிசெய்ய வேண்டும். நேரத்தைக் கூட்டினால் முன்வரிசைச் செடிகளுக்கே நீர் மிகும்.