வொஷிங்டனில் அப்போது விடியக்காலை

1963 நவம்பர் 1, பின்னேரம் 4.30. சைகோனில் ஜனாதிபதி மாளிகைக்கு எதிராகச் சொந்த இராணுவமே கிளம்பிவிட்டது. தென் வியட்நாம் ஜனாதிபதி நியோ டின் டியெம், அமெரிக்கத் தூதுவர் ஹென்றி கபொட் லொட்ஜுக்குத் தொலைபேசி எடுத்து, அமெரிக்காவின் நிலைப்பாடு என்ன என்று கேட்கிறார். வொஷிங்டனில் இப்போது விடியக்காலை 4.30, அரசாங்கத்திடம் ஒரு கருத்து இருக்க வாய்ப்பில்லை என்கிறார் லொட்ஜ்.

அதே நேரம் சிஐஏ அதிகாரி லூசியன் கொனெய்ன் புரட்சி செய்த ஜெனரல்மாரோடயே இருந்தவர். தூதரகத்துக்கு நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தவர். போகேக்க 30 லட்சம் பியாஸ்டர் காசும் கொண்டுபோனவர்!

டியெம் அமெரிக்காவின் எதிரி இல்லை. 1955 இலிருந்து அவரைத் தாங்கிப் பிடித்ததே அமெரிக்காதான். அதுக்காக அவரை நல்லவர் எண்டும் சொல்ல ஏலாது. 1963 மே மாதம் ஹுவே நகரில் பௌத்தர்கள் கொல்லப்பட்டார்கள். ஜூனில் திக் குவாங் டக் என்ற பிக்கு நடுவீதியில் தீக்குளித்தார். ஓகஸ்டில் டியெம்மின் தம்பி நியுவின் ஆட்கள் பகோடாக்களுக்குள் புகுந்தார்கள்.

ஓகஸ்ட் 24 இல் வொஷிங்டன் லொட்ஜுக்கு ஒரு தந்தி அனுப்பியது. நியுவை விலக்க வேண்டும், மறுத்தால் டியெம்மையும் காப்பாற்ற முடியாமல் போகலாம் என்பது அதன் சாரம். ஒக்டோபரில் ஜெனரல்மாருக்குப் போன செய்தி இன்னும் சுருக்கம்: நாங்கள் தடுக்கமாட்டோம்.

'தடுக்காமல் விட்டதெல்லாம் தலையீடா?' என்று கேட்கலாம். அந்த இராணுவத்தின் ஆயுதமும் செலவும் உங்கட கையில இருக்கேக்க, 'தடுக்கமாட்டோம்' எண்டு சொல்லுறதே ஒரு உத்தரவுதான்.

நவம்பர் 2 இல் டியெம்மும் நியுவும் கவச வாகனத்துக்குள் கொல்லப்பட்டார்கள். தற்கொலை என்றுதான் முதலில் அறிவித்தார்கள். அடுத்த நாளுக்கு அடுத்த நாள், தங்களுக்கும் இதில் பெரும் பொறுப்பு உண்டு என்று கென்னடியே ஒலிநாடாவில் பதிவு செய்தார்.

புரட்சியால் ஸ்திரமான ஆட்சியும் வரவில்லை. மூன்று மாதத்துக்குள் அடுத்த புரட்சி. அரசாங்கத்தை மாற்ற உதவினவையால அதைக் கைவிட்டுட்டுப் போகவும் முடியேல்ல. 1963 இல் ஏறத்தாழ 16,000 ஆக இருந்த அமெரிக்கப் படையினர் 1968 இல் 5 லட்சத்தைத் தாண்டினார்கள்.

டியெம்மைக் கவிழ்த்த ஜெனரல் டுவோங் வான் மின்தான் 1975 ஏப்ரல் 30 இல் தென் வியட்நாமின் கடைசி ஜனாதிபதியாகச் சரணடைந்தவர். அண்டைக்கு அமெரிக்கத் தூதுவர் சைகோனை விட்டு வெளிக்கிட்டிட்டார்.