வேடந்தாங்கலார் பெற்ற கவுல்

பாதையிற் செல்வோன் பக்கத்து நிலத்தைத் தன் வேட்டைக்களமாகக் கருதும் தீய வழக்கம் நம் நாட்டிற்குப் புதிதன்று. அதனை எதிர்த்து நின்ற கிராமத்தாரின் சரித்திரமும் இருநூறாண்டுகளுக்கு மேற்பட்டது. காவிரிக் கழனிகளை உடைய நம்மவர் அறிய வேண்டுவதாகலின், அதனை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

செங்கற்பட்டு மாவட்டத்து மதுராந்தகம் தாலுகாவில் வேடந்தாங்கல் என்னும் சிற்றூர் உளது. வேடர் தங்கிய இடம் என்பது அப்பெயரின் பொருள். பெயர் அவ்வாறிருப்பினும், அவ்வூரார் தம் ஏரியிலுள்ள மரங்களிற் கூடு கட்டும் பறவைகளைப் பேணி வந்தனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு நல்லெருவாகும் என்பதை அவர்கள் அனுபவத்தால் உணர்ந்திருந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலச் சிப்பாய்கள் அங்கு வந்து பறவைகளைச் சுடலாயினர். ஊரார் வாளாவிராது கலெக்டரிடம் முறையிட்டனர். அப்போது கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் துரை, பறவைகளைக் காக்கும் உரிமை அவ்வூரார்க்கு உண்டென 1798-ஆம் ஆண்டிற் கவுல் அளித்தார். 1858-ல் அது மீண்டும் உறுதி செய்யப்பெற்றது. பறவைகளைக் காக்க நாடு முழுமைக்குமாக ஒரு சட்டமும் பிறவாத காலம் அது.

இனி நம் தஞ்சைச் சீமையை நோக்குவோம். உதயமார்த்தாண்டபுரம் ஏரி 1998-லும், வடுவூர் ஏரி 1999-லும் பறவைச் சரணாலயங்களாக அறிவிக்கப்பெற்றன. காவிரி நீர் வந்து ஏரி நிரம்பியபின் நாரையும் கொக்கும் அங்கே கூடுகின்றன. ஆயின் அவை இரைதேடி இறங்குவது நம் வயல்களிலேயாம். பயிருண்ணும் பூச்சியையும் வரப்பைத் துளைக்கும் நண்டையும் தின்று அவை உழவர்க்கு உதவுகின்றன. அவ்வயல்களிலேயே கண்ணி வைத்துப் பிடித்த கொக்கையும் மடையானையும் சாலையோரத்தில் விற்கும் கொடுமை இன்றும் ஒழிந்தபாடில்லை.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், சுடுதலோடு கண்ணி வைத்தல், நஞ்சிடுதல், கூட்டையும் முட்டையையும் அழித்தல் ஆகியவற்றையும் வேட்டை என்றே கொள்கின்றது. அதற்கு முயலுதலும் குற்றமே. நம் பட்டா நிலத்தில் அமர்ந்ததனாற் பறவை நம் சொத்தாகிவிடாது. ஆதலின் நிலக்காரர் இசைவளித்தாலும் குற்றம் குற்றமே. இசைவு கேளாமலே வரப்பேறுவோனோ பயிருக்கும் பறவைக்கும் ஒருங்கே தீங்கிழைக்கின்றான்.

பிடித்து விற்போன் வறியவனாயிருத்தல் கூடும். வாங்குவோர்க்கு அவ்வறுமையும் இல்லை. விற்பவனை வைதுவிட்டு, அவன் விற்பதை வாங்கிச் சமைப்பது நேர்மையாகாது. ஆதலின் சங்கத்து அன்பர்களையும் அவர்தம் குடும்பத்தாரையும் வேண்டுகின்றோம்: காட்டுப் பறவை இறைச்சியை நம் இல்லங்களிலும் விருந்துகளிலும் அறவே விலக்குக. நம் வயலிற் கண்ணி வைக்க எவரையும் விடற்க. மீறுவோரை நயமாகத் தடுத்து, கேளாராயின் வன அலுவலகத்தார்க்கு அறிவிக்க. சட்டமொன்றும் இல்லாத காலத்தில் வேடந்தாங்கலார் செய்ததைச் சட்டமுள்ள காலத்தில் நாம் செய்தல் அரிதன்று.