பாட்டுக்கு அடியில் பேச்சு: மும்பைத் தமிழரின் ஒளிநாடாக்களும் அவற்றை ஓட்டும் கருவிகளும்

மும்பைத் தமிழரின் பேச்சுமொழிக்கு எழுத்துச் சான்றுகள் குறைவு. தாராவியில் திருநெல்வேலி வழக்கு இந்தியோடும் மராத்தியோடும் உறவாடி உருவான பேச்சும், மாட்டுங்காவின் பாலக்காட்டுத் தமிழும், செம்பூரை ஒட்டிய டிராம்பே ஆலைகளுக்கு வேலைக்கு வந்த பல மாவட்டத்தாரின் கலப்பு வழக்கும் அச்சில் அரிதாகவே இடம்பெற்றன. ஆனால் 1980களின் நடுப்பகுதி தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவை வேறோரிடத்தில் பதிவாகிக்கொண்டிருந்தன. திருமணம், சடங்கு, கோயில் கொடை, பொங்கல் விழா ஆகியவற்றின் வீடியோ கேசட்டுகளே அந்த இடம். மொழி ஆவணம் என்று கருதி அவற்றை எவரும் எடுக்கவில்லை. மொழியியலாளருக்கு அவற்றின் மதிப்பு கூடுவது அதனால்தான். ஆய்வாளர் எதிரே அமர்ந்தால் பேச்சு மாறிவிடும் என்று லபோவ் சுட்டிய சிக்கல், பந்தியில் சாம்பார் கேட்கும் குரலுக்கு அவ்வளவாக இல்லை.

இந்நாடாக்களை எண்ணிமமாக்குவது பற்றிய உரையாடல்கள் பெரும்பாலும் கோப்பு வடிவத்திலும் சேமிப்புக் கொள்ளளவிலும் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. நாடாவை எந்த இயந்திரத்தில் ஓட்டுவது என்பது கடைக்காரரின் முடிவாக விடப்படுகிறது. இது தலைகீழான வரிசை. கோப்பைப் பின்னர் வேறு வடிவத்துக்கு மாற்றலாம். ஓட்டும் கருவி நாடாவிலிருந்து எடுக்காமல் விட்டதை எந்த மென்பொருளும் பின்னர் மீட்காது. கிரியர்சனின் இந்திய மொழிக் கணக்கெடுப்பை ஒட்டி 1913 முதல் 1929 வரை உருவான கிராமபோன் பதிவுகளுக்கும் இதே விதிதான். தட்டு சுழலும் வேகத்தைத் தவறாக வைத்து எடுத்த படியில் அளக்கப்படும் உயிரொலி, அந்தப் பேச்சாளரின் உயிரொலி அன்று.

கருவிகள் எவ்வழியில் நகருக்கு வந்தன என்பதை முதலில் நோக்க வேண்டும். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி வந்தது. அதே காலத்தில் வளைகுடாவில் வேலை பார்த்தோர் தமிழர் 'டெக்' என்று அழைத்த வீடியோ கருவிகளைச் சுமந்து வந்தனர். மனீஷ் மார்க்கெட்டும் ஹீரா பன்னாவும் வெளிநாட்டு மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற சந்தைகளாயின. கேமராவும் பதிவுக்கருவியும் ஒரே உடலில் அமைந்த கேம்கார்டரை சோனி 1983இல் பீட்டாமேக்ஸ் நாடாவுக்காக வெளியிட்டது. ஜேவிசி 1984இல் சிறிய விஎச்எஸ்-சி கேசட்டுக்கான கேமராவைக் கொணர்ந்தது. 1985இல் சோனியின் வீடியோ-8 வந்தது. ஹை-8 வருவதற்கு 1989 ஆயிற்று. திருமணத் தொழிலில் முழு அளவு விஎச்எஸ் கேசட் ஏற்கும் பானசோனிக் எம்-3000 போன்ற தோள் கேமராக்கள் நிலைபெற்றன. கையடக்க வீடியோ-8 கேமராக்கள் பெரும்பாலும் வெளிநாட்டு உறவினர் கையிலிருந்து வந்தவை.

எனவே ஒரு வீட்டின் பரணில் கிடக்கும் கேசட்டுகளை அவ்வீட்டாரின் புலம்பெயர்வு வரலாறாகவே படிக்கலாம். வளைகுடாவிலிருந்து வந்த கேமரா பெரும்பாலும் இந்தியாவைப் போலவே நொடிக்கு 25 சட்டகம், 625 வரி கொண்ட பால் முறையில் பதிவு செய்யும். அமெரிக்க உறவினரின் கேமரா என்டிஎஸ்சி முறையில், 525 வரியில் பதிவு செய்யும். கேசட்டின் வெளித்தோற்றத்தில் இவ்வேறுபாடு தெரியாது. 1990களின் பல பால் டெக்குகள் என்டிஎஸ்சி கேசட்டையும் காட்டும் என்பதால் கடைக்காரர் அதையே போதுமென்பார். ஆனால் அவை வெளியிடுவது தொலைக்காட்சியை ஏமாற்றுவதற்கான ஓர் இடைநிலைக் குறிகை. உண்மையான என்டிஎஸ்சி அன்று. பல பதிவு அட்டைகள் அதைப் புரிந்துகொள்ளாமல் கறுப்பு வெள்ளையாகவோ நடுங்கும் படமாகவோ எடுத்துவைக்கின்றன. மாறாக, அமெரிக்கர் பரிந்துரைக்கும் பானசோனிக் ஏஜி-1980 போன்ற புகழ்பெற்ற டெக்கை அரும்பாடுபட்டு வரவழைத்தாலும், அது என்டிஎஸ்சி மட்டுமே ஓட்டும். தாராவித் திருமணத்துக்கு அதனால் பயனில்லை.

அளவும் குழப்பம் தருவது. விஎச்எஸ்-சி கேசட்டில் இருப்பது விஎச்எஸ்ஸின் அதே அரை அங்குல நாடா. ஆகையால் ஓர் அடாப்டரில் பொருத்தி முழு அளவு டெக்கில் ஓட்டலாம். அடாப்டருக்குள் மறந்துபோன பேட்டரி கசிந்து அரித்திருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்க்க வேண்டும். வீடியோ-8 நாடாவின் அகலம் 8 மில்லிமீட்டர். அதற்கு விஎச்எஸ் அடாப்டர் எக்காலத்திலும் இருந்ததில்லை. இருப்பதாகச் சொல்வோர் விஎச்எஸ்-சியோடு குழப்பிக்கொள்கிறார்கள். அதை ஓட்ட 8 மி.மீ. டெக் அல்லது கேமரா வேண்டும். 1999இல் வந்த சோனியின் டிஜிட்டல்-8 கேமராக்களில் சில மாதிரிகள் பழைய வீடியோ-8, ஹை-8 நாடாக்களையும் ஓட்டும். ஒரே கம்பி வழியாகக் கணினிக்குப் படத்தையும் ஒலியையும் ஒத்திசைவு கெடாமல் அனுப்பும் என்பதால் சிறு ஆவணக்காப்பகங்களுக்கு அவை வசதியானவை. எல்லா மாதிரிகளும் அப்படியல்ல. வாங்குமுன் மாதிரி எண்ணைச் சரிபார்ப்பதோடு, ஒரு நாடாவை ஓட்டிப் பார்த்துவிடுவதே உசிதம்.

இனி ஒலி. இந்த இடத்தில்தான் கருவித் தேர்வு மொழியாய்வின் வினாவாகவே மாறுகிறது. மும்பையாயினும் மதுரையாயினும், அக்காலத் திருமண கேசட்டைப் பார்த்தோர்க்கு ஒன்று நினைவிருக்கும்: மணமக்கள் வாய் அசைகிறது, ஒலிப்பதோ இளையராஜா பாடல். பேச்சு போய்விட்டது என்றே எவரும் முடிவு செய்வர். ஆனால் விஎச்எஸ்ஸில் ஒலிக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று நாடாவின் ஓரத்தில் ஓடும் நேர்த்தடம். மற்றொன்று 1980களின் நடுவில் சேர்க்கப்பட்ட ஹை-ஃபை தடம். சுழலும் டிரம்மில் உள்ள தனி ஹெட்டுகள் படத்துக்குக் கீழே, காந்தப் பூச்சின் ஆழத்தில் அதை எழுதுகின்றன. 'ஆடியோ டப்' பொத்தானை அழுத்திப் பாட்டை ஏற்றும்போது நேர்த்தடம் மட்டுமே அழிந்து புதிதாகப் பதிவாகும். ஹை-ஃபை தடத்தைப் படத்தை அழிக்காமல் மாற்ற இயலாது. மூலப் பதிவு ஹை-ஃபை கருவியில் நிகழ்ந்து, பாட்டு டப் முறையில் ஏற்றப்பட்டிருந்தால், பாட்டுக்கு அடியில் பந்தியின் பேச்சு அப்படியே இருக்கும்.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. மோனோ கேமராவில் எடுத்ததில் இரண்டாம் தடமே இல்லை. ஸ்டுடியோக்கள் மிக்ஸர் வழியாகப் பாட்டைக் கலந்து, வேறு கேசட்டில் படியெடுத்துக் கொடுப்பதும் வழக்கம். அப்படியில் எல்லாத் தடங்களிலும் பாட்டுதான். மூல நாடா அடுத்த திருமணத்துக்கு மறுபடி பயன்பட்டிருக்கும். எந்த கேசட் எவ்வகை என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும், அதுவும் ஹை-ஃபை டெக்கில் ஓட்டினால்தான். மலிவான மோனோ டெக்கைத் தேர்ந்தவருக்குத் தாம் எதை இழந்தோம் என்பது தெரியவே வராது.

ஹை-ஃபை டெக் இருந்தும் இழக்க வழியுண்டு. தடம் சற்று மங்கினால் பல டெக்குகள் அறிவிப்பின்றித் தாமாகவே நேர்த்தடத்துக்கு மாறிவிடும். ஆகவே ஹை-ஃபை, நார்மல், மிக்ஸ் என ஒலியைத் தேர்ந்துகொள்ளும் வசதியும், டிராக்கிங்கைக் கையால் திருத்தும் வசதியும் உள்ள டெக்கே ஆய்வுக்கு ஏற்றது. மிக்ஸில் வைத்து எடுத்தால் பேச்சும் பாட்டும் ஒரே கோப்பில் பின்னிப் பிரிக்க இயலாமற் போகும். ஒரு கேசட்டை இருமுறை ஓட்டி இரு தடங்களையும் தனித்தனியே எடுப்பதே நேர்மையான வழி.

நேர்த்தடம் மட்டுமே இருக்கும் நாடாக்களின் நிலை வேறு. பால் விஎச்எஸ் நாடா நொடிக்கு 23.39 மில்லிமீட்டர் நகர்கிறது. சாதாரண ஆடியோ கேசட்டின் வேகத்தில் ஏறக்குறைய பாதி. நாடாவை மிச்சப்படுத்த எல்பி வேகத்தில் எடுத்திருந்தால் அதிலும் பாதி. வேகம் குறையக் குறைய உயர் அதிர்வெண்கள் மழுங்கும். ச, ஸ, ஷ வேறுபாடு தங்கியிருப்பது அங்கேதான். தாராவிப் பேச்சில் இந்திச் சொற்களின் உரசொலிகள் எவ்வாறு ஏற்கப்பட்டன என்று ஆராய்வோர், இத்தகைய பதிவிலிருந்து முடிவுகட்டுமுன் ஒலி ஹெட்டின் சாய்வு அந்த நாடாவுக்கு ஏற்பத் திருத்தப்பட்டதா என்று கேட்டாக வேண்டும். திருகாணியைச் சற்றே திருப்பினால் மங்கிய 'ஸ' தெளிவதுண்டு. வீடியோ-8இல் இத்தொல்லை குறைவு. அதன் வழக்கமான ஒலி படத்தோடு சேர்ந்தே எழுதப்படுவதால், வீட்டார் எடுத்த கேசட்டில் பேச்சு பெரும்பாலும் பேச்சாகவே நிற்கிறது. குடும்பத்தார் முதலில் நீட்டுவது ஸ்டுடியோ எடுத்த பெரிய கேசட்டை. ஆய்வாளர் கேட்டு வாங்க வேண்டியது மாமா எடுத்த சின்ன கேசட்டை.

படத்தின் தரம் பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. இங்குச் சுருக்கமே போதும். பழைய நாடா தரும் குறிகையில் ஒவ்வொரு வரியும் சற்றே முன்பின்னாக வரும். அதை நேராக்கும் டைம் பேஸ் கரெக்டர் டெக்கிலோ தனியாகவோ இல்லையெனில், பதிவு அட்டை சட்டகங்களைத் தவறவிடும். நேரம் செல்லச் செல்ல உதட்டசைவும் ஒலியும் விலகும். அடிக்குறிப்பிட்டுப் பெயர்த்தெழுதுவோர்க்கு அது பெருந்துன்பம். மும்பையில் 2008இல் தொடங்கிய பாட்.மா என்னும் காணொளி ஆவணக்காப்பகம், முழுமையான படங்களைவிட வெட்டாத மூலப் பதிவுகளுக்கே முதன்மை தந்து, நேரக்குறியோடு பெயர்ப்பும் விளக்கமும் சேர்க்கும் முறையை வளர்த்தது. அம்முறையைத் தமிழ்ப் பேச்சுக்குக் கையாள விரும்புவோர்க்கு ஒத்திசைவு கெடாத படி முதல் தேவை.

மும்பைக்கே உரிய இன்னொரு காரணி ஈரம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மீட்டி ஆறு கரைபுரண்டது. அதன் கரையில் உள்ள தாராவியும் தப்பவில்லை. வெள்ளம் தொடாத வீட்டிலும் நான்கு மாத மழைக்காலம் நாடாச் சுருளில் வெண்பூஞ்சணத்தை வளர்த்துவிடும். அதைத் துடைக்காமல் ஓட்டினால் ஹெட் அடைபடும், நாடா கிழியும், அடுத்து ஓட்டும் கேசட்டுக்கும் பூஞ்சணம் பரவும். ஆதலால் ஒரு டெக் போதாது. நாடாவைச் சுற்றித் துடைக்கவும் சோதிக்கவும் மலிவான ஒன்று, பதிவெடுக்க மட்டும் நல்லது ஒன்று என இரண்டாவது வேண்டும். நல்லதற்கு உதிரிக்காக அதே மாதிரியில் பழுதான ஒன்றும் கிடைத்தால் விடக்கூடாது.

புதிய டெக் இனி வரப்போவதில்லை. கடைசியாகத் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. ஆஸ்திரேலியத் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக்காப்பகம் காந்தநாடாக்களுக்கு 2025ஐ எல்லையாகக் குறித்து எச்சரித்தது, நாடா மக்குவதோடு கருவியும் அதைப் பழுதுபார்க்கும் கையும் மறைவதைக் கணக்கிட்டே. லேமிங்டன் சாலையில் பெல்ட் மாற்றவும் கெப்பாசிட்டர் மாற்றவும் அறிந்த கைகள் மூத்துவருகின்றன. தாராவி மறுசீரமைப்புக்கான ஏலம் 2022 நவம்பரில் முடிவாயிற்று. வீடு மாறும்போது பரணிலிருந்து முதலில் குப்பைக்குப் போவது, ஓட்டுவதற்கு டெக் இல்லாத கேசட்டுதான்.

ஆகவே கேசட்டைக் கையில் வாங்கும் நாளிலேயே கேட்டுக் குறிக்க வேண்டியவை: எடுத்தவர் ஸ்டுடியோக்காரரா உறவினரா, கேமரா எந்த நாட்டிலிருந்து வந்தது, இது மூலமா படியா. எண்ணிமக் கோப்போடு ஓட்டிய டெக்கின் மாதிரி எண்ணும், பால் அல்லது என்டிஎஸ்சி என்பதும், எஸ்பி அல்லது எல்பி வேகமும், ஒலி எந்தத் தடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதும் சேர வேண்டும். ஹை-ஃபை தடம் வெறுமையாக இருந்தால், 'சோதித்தது, இல்லை' என்று எழுதிவைக்க வேண்டும். இல்லையேல் அடுத்து வருபவர் அதே கேசட்டை மறுபடி ஓட்ட நேரிடும்.