தொட்டுக்கொள்ளும் பொடி

தொட்டுக்கொள்ளும் பொடி என்பது வறுத்த பருப்பு அல்லது எண்ணெய் வித்தைக் காய்ந்த மிளகாய், உப்பு, பெருங்காயம் ஆகியவற்றோடு அரைத்து ஈரம் படாமல் எடுத்து வைத்து, சாப்பிடும் நேரத்தில் எண்ணெய், நெய், தயிர் அல்லது எலுமிச்சைச் சாற்றில் குழைத்துக்கொள்ளும் கலவை. இட்லிப் பொடி, பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, வேர்க்கடலைப் பொடி ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. சாம்பார்ப் பொடியும் ரசப் பொடியும் கொதியில் வெந்தால்தான் ருசிக்கும். தொட்டுக்கொள்ளும் பொடிக்கோ வறுப்பதோடு அடுப்பு வேலை முடிந்துவிடுகிறது. மேலைநாட்டுச் சமையலில் சாலட்டுக்கு ஊற்றும் டிரெஸ்ஸிங் செய்கிற வேலையைத் தமிழ் வீடுகளில் செய்வது இதுதான். காரமும் உப்பும் மணமும் டப்பாவில் இருக்கும். எண்ணெயும் புளிப்பும் தட்டில் வந்து சேரும். இரண்டும் தனித்தனியாக இருப்பதால்தான் பொடி வாரக்கணக்கில் கெடாமல் நிற்கிறது.

வேங்கிக்கால் பக்கத்துப் பொடி

வேங்கிக்கால், திருவண்ணாமலை நகரை ஒட்டி வேலூர் சாலையில் இருக்கிறது. 1989-இல் வட ஆற்காட்டைப் பிரித்துத் திருவண்ணாமலை மாவட்டம் உருவாக்கப்பட்டது. அதன் ஆட்சியர் அலுவலகம் இங்கேதான் உள்ளது. அலுவலகங்களும் குடியிருப்புகளும் பெருகிவிட்டாலும், மாவட்டத்தின் முக்கியப் பயிர்களில் ஒன்று இன்னும் வேர்க்கடலைதான். வட மாவட்டத்து மக்கள் அதை மல்லாட்டை என்றும் மணிலா என்றும் சொல்வார்கள். பறித்துக் காயவைத்த காயில் எண்ணெய்க்கு ஒரு பங்கு, விதைக்கு ஒரு பங்கு, வீட்டுச் செலவுக்கு ஒரு பங்கு என்று ஒதுக்குவது விவசாயக் குடும்பங்களின் வழக்கம். அந்த வீட்டுப் பங்கிலிருந்து வருவது மல்லாட்டைப் பொடி.

250 கிராம் உரித்த வேர்க்கடலைக்கு 8 காய்ந்த மிளகாய், 8 பல் பூண்டு, 1 தேக்கரண்டி சீரகம், ஒன்றரைத் தேக்கரண்டி கல் உப்பு, ஒரு துண்டு கட்டிப் பெருங்காயம் போதும். கடலையை முதலில் முறத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது எதையும் சேர்க்கக் கூடாது. பூசணத்தால் கடலையில் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். வீட்டில் வறுக்கிற சூட்டில் அது முழுதாக அழியாது.

இனி வறுப்பு. அடிகனமான இரும்பு வாணலியில் சிறு தீயில் கடலையைக் கிளறிக்கொண்டே இருந்தால், முதலில் பச்சை வாடை போகும். பிறகு தோலில் அங்கங்கே கரும்புள்ளி விழுந்து, ஒன்றிரண்டு கடலை படபடவென்று வெடிக்கும். ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்தால் உள்ளே இளம்பொன் நிறமாக இருக்க வேண்டும். வெளியே கறுத்து உள்ளே வெளுத்திருந்தால் தீ அதிகம் என்று பொருள். கடலையைத் தட்டில் கொட்டிவிட்டு, அந்தச் சூட்டிலேயே பெருங்காயத்தைப் பொரித்து, மிளகாயை நிறம் மாறாமல் மொறுமொறுப்பாக்கி, பூண்டை ஈரம் வற்றும்வரை வறுத்து, கடைசியில் சீரகத்தைப் போட்டு மணம் வந்ததும் இறக்க வேண்டும். உப்பையும் வெறும் வாணலியில் ஒரு புரட்டுப் புரட்டுவது நல்லது. கல் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். அதை அப்படியே சேர்த்தால் பொடி நமுத்துப்போகும்.

எல்லாம் நன்றாக ஆறிய பிறகுதான் அரைக்க வேண்டும். மிளகாய், உப்பு, பெருங்காயம், சீரகம் முதலில். அவை தூளானதும் பூண்டும் தோல் புடைத்த கடலையும். மிக்சியை விடாமல் ஓட்டுவதுதான் நல்ல பொடியைக் கெடுக்கும் முதல் காரணம். கடலையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். ஜாரின் சூட்டில் அது வெளியே வந்து, பொடி கண்ணெதிரே விழுதாகிவிடும். விட்டு விட்டு இரண்டு மூன்று சுற்று சுற்றினால், நாக்கில் தட்டுப்படும் கொரகொரப்போடு நிற்கும். எள்ளுக்கும் இதே கவனம் வேண்டும். உரலில் இடித்த பொடியைப் பெரியவர்கள் இன்றும் மெச்சுவதில் நியாயம் இருக்கிறது. உலக்கையின் இடியில் அவ்வளவு சூடு ஏறுவதில்லை.

எண்ணெயின் வேலை

மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் கரைவதில்லை, எண்ணெயில் கரைகிறது. பெருங்காயம், சீரகம், கறிவேப்பிலை ஆகியவற்றின் மணமும் பெரும்பாலும் எண்ணெயோடுதான் சேரும். குழைத்த பொடியை ஐந்து நிமிடம் விட்டுவைத்தால் காரம் சீராகப் பரவி, வெறும் பொடியில் இருந்த குத்தல் அடங்குகிறது. இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய், பருப்புப் பொடிக்கு நெய், மல்லாட்டைப் பொடிக்குச் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் என்ற பொருத்தங்கள் நாக்கு பழகிப் பழகி அமைந்தவை. மணம் நீக்கிய ரீஃபைண்டு எண்ணெயில் குழைத்தால் வறுத்த உழைப்பில் பாதி வீண்.

பச்சைக் காய்கறிக்கு இதையே எடுத்தாளலாம். 2 மேசைக்கரண்டி மல்லாட்டைப் பொடிக்கு 3 மேசைக்கரண்டி எண்ணெயும் ஒரு சிறிய எலுமிச்சையின் சாறும் சேர்த்துக் குழைத்தால், நறுக்கிய வெள்ளரி, கேரட், முள்ளங்கி, வெங்காயம் கலந்த ஒரு கிண்ணத்துக்குப் போதும். பந்தியில் உட்கார்ந்த பிறகே கலக்க வேண்டும். உப்புப் பட்டதும் வெள்ளரி நீர் விடும். அந்த நீரைக் கடலைத்தூள் குடித்துக் கூழாகும். உளுந்து சேர்ந்த இட்லிப் பொடி இன்னும் வேகமாகக் குடிக்கும். ஊறிய பாசிப்பருப்பும் வெள்ளரியும் சேர்ந்த கோசுமல்லிக்கு மட்டும் இது வேண்டாம். கடுகு தாளித்துத் தேங்காயும் எலுமிச்சையும் சேர்ந்த அந்தப் பச்சை மணத்தை வறுத்த மணம் அமுக்கிவிடும்.

பழமையும் புதுமையும்

மிளகாயும் வேர்க்கடலையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. போர்த்துக்கீசியர் வருகைக்குப் பிறகே, 16-ஆம் நூற்றாண்டு தொடங்கி, மிளகாய் இந்தியாவில் பரவியது. அதற்கு முன் தமிழ்ச் சமையலின் காரம் மிளகும் திப்பிலியும். வேப்பம்பூ, சுண்டைக்காய் வற்றல், சுக்கு, மிளகு, சீரகம், தனியா சேர்த்துப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் அங்காயப் பொடியில் அந்தப் பழைய ருசி இன்னும் இருக்கிறது. இன்றைய பொடிகளில் நிறத்துக்கு ஒரு மிளகாய், காரத்துக்கு ஒரு மிளகாய் என்று கலப்பது உண்டு. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் குண்டு மிளகாய் தமிழ்நாட்டின் பெயர்பெற்ற வகைகளில் ஒன்று. வாய்வழியாகவே வந்த பொடிப் பக்குவங்கள் அளவோடு அச்சேறியதில் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' நூலுக்குப் பெரும் பங்கு உண்டு. அதன் முதல் பாகம் 1951-இல் வந்தது.

உலர்ந்த கலவையைத் தனியாக வைத்து, உண்ணும்போது நனைக்கும் முறை பிற நாடுகளிலும் உண்டு. எகிப்தில் கொட்டைகளும் எள்ளும் தனியாவும் சீரகமும் சேர்த்து இடிக்கும் துக்காவை, ஆலிவ் எண்ணெயில் நனைத்த ரொட்டியால் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். செய்முறையில் நம் பொடிக்கு மிக நெருங்கிய உறவு அதுதான். அமெரிக்காவின் ராஞ்ச் டிரெஸ்ஸிங்கும் பொட்டலத்தில் விற்ற உலர் கலவையாகவே புகழ் பெற்றது. கலிபோர்னியாவில் 1954-இல் ஒரு பண்ணையை வாங்கி விருந்தினர் விடுதி நடத்திய ஸ்டீவ் ஹென்சன், பூண்டு, வெங்காயம், மூலிகைகள் கொண்ட தன் கலவையைத் தபாலில் அனுப்பத் தொடங்கினார். வாங்கியவர்கள் அதை மோரிலும் மயோனைசிலும் கலந்துகொண்டார்கள். 1972-இல் அந்த வணிகப் பெயரை கிளோராக்ஸ் நிறுவனம் வாங்கியது. கெட்டித் தயிரில் வறுத்த சீரகத்தூள், சுக்குத்தூள், மிளகுத்தூள், நிழலில் உலர்த்திய கறிவேப்பிலைத் தூள், உப்பு போட்டுக் கலக்கினால், அதே இடத்தை நம் அலமாரிச் சாமான்களே நிரப்பிவிடும்.

இருப்பு

பருப்பும் மிளகாயும் மட்டும் உள்ள பொடி, கண்ணாடிப் புட்டியில் காற்றுப் புகாமல் இருந்தால் 2 மாதம் தாங்கும். கடலை, எள், கொப்பரை சேர்ந்தவற்றின் எண்ணெய் காற்றும் வெளிச்சமும் பட்டுச் சிக்கு வாடை பிடிக்கும். அவற்றை 3 அல்லது 4 வாரத்துக்கு மேல் வெளியே வைக்காமல் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது நல்லது. பூண்டு சேர்ந்தது இன்னும் முன்னதாகத் தீர வேண்டும். எண்ணெயில் குழைத்ததில் மீதி இருந்தால் அன்றே முடித்துவிட வேண்டும். புட்டிக்குள் திருப்பிப் போடக் கூடாது. ஈரக் கரண்டி ஒருமுறை பட்டாலும் அந்த இடத்திலிருந்து பூசணம் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கால் கிலோவுக்கு மேல் அரைக்காமல் இருப்பதே உத்தமம். மாசிக்குப் பிறகு வெயில் ஏறியதும், சாமான்களை ஒரு பகல் காயவைத்து அதிகமாகவே அரைத்துக்கொள்ளலாம்.