‘செயற்கைச் சூரியனை’த் தாமதப்படுத்தும் செம்புச் சுருள்கள்

மாத்தளை மாவட்டம், உக்குவலைக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படிக்கும் மாணவன் ஒருவன் தன் தொலைபேசியில் ஒரு காணொளியைக் காட்டினான். செயற்கைச் சூரியன் தயார், இனி மின்சாரத்துக்குப் பஞ்சமில்லை என்றது அது. “அண்ணா, இது வந்தா கரண்ட் கட் இருக்காதா?” என்று கேட்டான்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் இருளில் இருந்த நாடு இது. போர்க்காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்களுக்கும் அந்தக் கேள்வியின் கனம் தெரியும். ஆகவே தேடிப் படித்தேன். காணொளி சொல்லாமல் விட்ட ஒரு விடயம் கிடைத்தது: சுருள்களின் வலிமை.

சுருளுக்கு என்ன வேலை?

ஐதரசனின் கருக்களை இணைத்துச் சக்தி பெறுவதே அணுக்கரு இணைவு. இதற்காகப் பிரான்சின் கதராஷில் ‘ஈற்றர்’ என்ற உலை கட்டப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியம், இந்தியா, சீனா, ஜப்பான், தென்கொரியா, ரஷ்யா, அமெரிக்கா ஆகிய ஏழு தரப்புகள் 2006இல் இதற்கு ஒப்பமிட்டன. இலங்கை இதில் இல்லை.

உலைக்குள் பிளாஸ்மா 15 கோடி பாகை செல்சியஸ் வரை சூடாக வேண்டும். எந்தப் பாத்திரமும் அதைத் தாங்காது என்பதால், காந்தப் புலத்தால் சுவரில் படாமல் பிடித்து வைக்கிறார்கள். ஆனால் பிளாஸ்மா அடங்கி இருப்பதில்லை. மேலோ கீழோ நழுவும். அதன் விளிம்பு அடிக்கடி வெடித்துச் சுவரைச் சுடும். இவற்றை அடக்கவே கலனின் உட்சுவரில் கட்டுப்பாட்டுச் சுருள்களைப் பொருத்துகிறார்கள். ஈற்றரில் விளிம்பு வெடிப்புக்கு 27, நழுவலுக்கு 2.

விசை எவ்வளவு?

காந்தப் புலத்துக்குக் குறுக்கே மின்னோட்டம் பாயும் கம்பியை விசை தள்ளும். உயர்தர மாணவர்கள் படிக்கும் பிளமிங்கின் இடக்கை விதிதான். பொல்கொல்லவிலிருந்து சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கத்தில் வரும் மகாவலி நீரால் 1976 முதல் இயங்கும் உக்குவலை மின்நிலையத்திலும் இதே விதிதான். மின்பிறப்பாக்கியில் குறுஞ்சுற்று ஏற்பட்டு ஓட்டம் பத்து மடங்கானால், சுருள்களுக்கிடையிலான விசை நூறு மடங்காகும். அதனால்தான் அவற்றை அவ்வளவு இறுக்கிக் கட்டுகிறார்கள்.

ஈற்றரின் கணக்கு இன்னும் பெரிது. விளிம்புச் சுருளில் ஆறு சுற்றுகள். ஒவ்வொன்றிலும் 15,000 அம்பியர் வரை பாயலாம். பிளாஸ்மாவின் நடுவில் புலம் 5.3 தெஸ்லா. சுருள் இருக்கும் வெளிச்சுவரில் அதைச் சுமார் 4 என்று வைத்துக்கொள்வோம். புலத்தைக் குறுக்காகக் கடக்கும் ஒரு மீற்றர் கம்பியின் மீது 60,000 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 6 தொன் எடைக்குச் சமமான விசை. ஆறு சுற்றுக்கும் சேர்த்து 36 தொன்.

அந்த விசை ஒரே பக்கமாகவும் நிற்பதில்லை. ஓட்டத்தின் திசை மாறும்போதெல்லாம் அதுவும் திசை மாறும். நொடிக்கு 5 தடவை மாறினால், 400 நொடி நீளும் ஓர் ஓட்டத்தில் 2,000 தடவை. வேலிக் கம்பியை முன்னும் பின்னும் வளைத்து முறித்தவர்களுக்கு இதன் விளைவு தெரியும். உலோகம் களைத்துப்போகும்.

இறுக்கமா, தளர்வா?

சுருளை இறுக்கிப் பிடித்தால் போதாதா? போதாது. சூடாகும் செம்பு நீளும். 100 பாகை கூடினால் மீற்றருக்கு சுமார் 1.7 மில்லிமீற்றர். அசைய இடமில்லையென்றால் பற்றிகளிலும் பற்றவைப்புகளிலும் இறுக்கம் ஏறும். தளர்த்தினால் விசையில் அதிர்ந்து தேயும். இவை இரண்டுக்கும் நடுவிலுள்ள குறுகலான வழியைக் கண்டுபிடிப்பதே பொறியியலாளரின் வேலை.

மின்காப்பும் சிக்கல்தான். வழக்கமான பிசின் காப்பு நியூத்திரன் அடியில் சிதைந்துவிடும். அதனால் நீர் ஓடும் செம்புக் குழாயைச் சுற்றி மக்னீசியம் ஒக்சைட்டுத் தூளை நெருக்கி அடைத்து, மேலே உருக்கு உறை போடுகிறார்கள். தூள் கதிர்வீச்சைத் தாங்கும். ஆனால் ஈரத்தை உறிஞ்சும். உறையில் விரிசல் விழுந்தால் காப்பு கெடும். உலை இயங்கத் தொடங்கிய பின் கதிரியக்கத்தால் மனிதர் உள்ளே போய்த் திருத்தவும் முடியாது.

சிறு விரிசல் எவ்வளவு செலவு வைக்கும் என்பதற்கு ஈற்றரே சாட்சி. அதன் வெப்பத் தடுப்புக் கவசத்தின் குளிரூட்டும் குழாய்களில் அரிப்பு விரிசல்கள் இருப்பதை 2022இல் அறிவித்தார்கள். கழற்றித் திருத்த வேண்டியதாயிற்று. 2024இல் வெளியான புதிய அட்டவணைப்படி ஆய்வு ஓட்டங்கள் 2034இல் தொடங்கும். டியூற்றீரியம், திரித்தியம் எரிபொருளுடனான ஓட்டம் 2039இல். அப்போதும் ஈற்றர் மின்வலையமைப்புக்கு மின்சாரம் தராது. அது பரிசோதனை உலை.

மாணவனுக்கு என் பதில்

“இப்போதைக்கு நம்ம வீட்டு விளக்கு உக்குவலைத் தண்ணியிலதான் எரியும்” என்றேன். வாக்குறுதிகளைக் கேட்டுக் களைத்த சமூகத்திடம் இன்னொரு பொய்யைச் சொல்ல மனமில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஈற்றரைச் சூழ்ந்து நிற்கும் சுமார் 30 மீற்றர் உயரமான குளிர்கலனின் பாகங்கள் குஜராத்தின் ஹசீராவில் செய்யப்பட்டவை. இந்தியாவின் பிளாஸ்மா ஆய்வு நிறுவனம் காந்திநகரில் 1989 முதல் ‘ஆதித்யா’ என்ற உலையில் பரிசோதனை நடத்திவருகிறது. இந்தத் துறைக்குப் பௌதிகவியலாளர் மட்டும் போதாது. உலோகவியலாளரும் பற்றவைப்பாளரும் வேண்டும். விஞ்ஞான ஆசிரியர் இல்லாத தோட்டப் பாடசாலைகளின் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு இப்போது மூடித்தான் இருக்கிறது.

அவன் காணொளியை அழிக்கவில்லை. இடக்கையை விரித்து, எந்த விரல் விசை, எந்த விரல் புலம் என்று சரிபார்த்துக்கொண்டிருந்தான்.